அரைகுறைப் பார்வை

மாற்கு எழுதிய நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்திலே ஒரு புதுமை உண்டு. மற்ற மூன்று நற்செய்திகளிலும் அதைக் காண முடியாது. அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டதாக உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ! முதல் வாசிப்பில் அது ஏதோ குறைப்பட்ட புதுமைபோலத் தோன்றுவதுதான் காரணமாயிருக்கலாம்.

கலிலேயக் கடலின் வடபுறத்திலே பெத்சாயிதா என்னும் ஊர். இராயப்பருக்கும் பெலவேந்திரருக்கும் பிலிப்புக்கும் சொந்த ஊர் அதுவென்று அருளப்பர் கூறுகிறார். அங்கே பார்வையற்ற ஒருவனைச் சிலர் கொண்டுவந்து, அவனைத் தொடும்படி இயேசுநாதரை மன்றாடுகிறார்கள். அவர் அவனைக் கைப்பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிச் செல்கிறார். கண்களில் உமிழ்ந்து, அவன்மேல் கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று விசாரிக்கிறார். குணமாக்கும் வேளையில் அவர் இப்படிக் கேட்டதாக வேறெங்கும் நாம் வாசிப்பதில்லை. அவன் நிமிர்ந்து பார்க்கிறான். மனிதர் தெரிகிறார்கள், ஆனால் நடமாடும் மரங்களைப்போல் இருக்கிறார்கள் என்கிறான். (மரம் எப்படியிருக்கும் என்று அறிந்திருந்தபடியால் பிறவிக் குருடனல்லன் போலும்.) ஆண்டவர் மறுபடியும் அவன் கண்கள்மேல் கைவைக்கிறார். அப்போதுதான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

அன்பான வாசகர்களே, அவனுடைய இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எதிரே நிற்பவர் ஆண்டவர். கூட்டிவந்தவர்கள் ஆவலோடு காத்திருக்கிறார்கள். "நன்றாகத் தெரிகிறது, சுவாமி" என்று சொல்லிவிடத்தானே நமக்குத் தோன்றும்? அவன் அப்படிச் சொல்லவில்லை. கண்டதைக் கண்டபடியே சொன்னான். அதற்காக ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவுமில்லை.

முதல் தொடுகையில் வல்லமை போதாமற் போயிற்றோ என்று கேட்பவர்கள் அதற்கு முந்திய வசனங்களையும் வாசிக்கவேண்டும். சீடர்கள் படகிலே போகிறார்கள். கையில் இருப்பது ஒரேயொரு அப்பம். ஐயாயிரம் பேர் உண்டபின் 12 கூடைகளும், நாலாயிரம் பேர் உண்டபின் 7 கூடைகளும் மீந்ததைக் கண்ணாற் கண்டவர்கள், அப்பம் இல்லையே என்று கவலைப்படுகிறார்கள்! மீந்ததை அள்ளி எடுத்த கைகள் அவர்களுடையவைதாமே. புதுமையைக் காண்பது வேறு, அதை இன்னதென்று உணர்வது வேறு.

பிந்திய வசனங்களிலோ இராயப்பர், இயேசுவே மெசியா என்று அறிக்கையிடுகிறார். சற்று நேரத்தில், பாடுபடவேண்டும் என்று ஆண்டவர் சொன்னதும் அவரையே தடுக்கப் பார்த்து, கடுமையான கண்டிப்பை வாங்கிக்கொள்கிறார். அவருக்கும் அந்த வேளையில் மரங்கள்தாம் தெரிந்தன.

நம் வீடுகளுக்கு வருவோம். சுகமில்லாத பிள்ளைக்காக மடு மாதாவிடம் நேர்த்தி வைக்கிறோம். பிள்ளை பிழைத்துக்கொள்கிறது, ஆனால் கால் சற்று இழுத்து நடக்கிறது. குடியை விட்ட தகப்பன் மூன்று மாதம் நல்லாயிருந்துவிட்டு மறுபடியும் விழுகிறான். இதைப் புதுமை என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை; மன்றாட்டுக் கேட்கப்படவில்லை என்று சொல்லவும் பயம். ஆகவே அயலவர் முன்னிலையில் "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிவிட்டு, இரவில் தனியே அழுகிறோம். அந்த அழுகையையும் அவரிடம் கொண்டுபோகலாமே. ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் தகப்பன் அப்படித்தான் செய்தான். விசுவசிக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில், தன் அவிசுவாசத்துக்கு உதவி கேட்டான். விசுவாசம் முழுமையடையட்டும் என்று காத்திராமல் ஆண்டவர் அவன் மகனைக் குணமாக்கினார்.

இன்றிரவு செபமாலை முடிந்தபின் எட்டாம் அதிகாரத்தை 14ஆம் வசனத்திலிருந்து 33ஆம் வசனம்வரை யாராவது உரத்து வாசியுங்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் சற்று நிறுத்தி, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தமக்குள்ளே பதில் தேடட்டும். "எனக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை" என்று பிள்ளைகளில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், தயவுசெய்து அதட்டாதீர்கள்.