வலியின் முகவரி

சித்தூர்ப் பகுதியில் கிளிமூக்கு மாங்காய் அறுவடைக் காலம். கூடை சுமக்கும் தொழிலாளி ஒருவருக்கு இடக்கையின் உட்புறம் வலிக்கிறது என்று கொள்வோம். சுமையால் வந்த சுளுக்கு என எண்ணி அவர் தைலம் தேய்க்கிறார். நோயோ இதயத்தில் இருக்கிறது. குருதிக்குழாய் அடைபட்ட இதயம், கையின் பெயரால் முறையிடுகிறது. திருப்பதியிலுள்ள பெரிய மருத்துவமனைகளுக்குச் சாலைவழி ஏறத்தாழ 70 கி.மீ.; தைலத்தோடு கழிந்த நேரத்தில் இதயத்தசை அழிந்துகொண்டேயிருக்கும்.

வலி ஏன் முகவரி மாறுகிறது? இதயத்திலிருந்தும் கையின் உட்புறத்திலிருந்தும் வரும் நரம்பிழைகள், தண்டுவடத்தில் ஒரே நரம்பணுக்களைச் சென்றடைகின்றன. தோலின் செய்திகளையே நாள்தோறும் பெற்றுப் பழகிய மூளை, இதயத்தின் செய்தியையும் கையினுடையதாகப் படித்துவிடுகிறது.

இந்தப் படிப்பு மூளையில் எங்கே நிகழ்கிறது என்பதை அறிய, எம்.ஆர்.ஐ. கருவி துணைசெய்கிறது. மூளையின் ஒரு பகுதி உழைக்கும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த குருதி மிகுதியாகப் பாய்கிறது. ஆக்சிஜன் உள்ள குருதியும் அதை இழந்த குருதியும் காந்தப்புலத்தில் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டே மூளையைப் படமெடுக்கலாம் என்று 1990இல் செய்ஜி ஒகாவா காட்டினார்.

ஆய்வு நடக்கும் முறை வியப்பானது. குடலை வெட்டினால் பெரும்பாலும் வலிப்பதில்லை, விரிந்தால் வலிக்கும். ஆகவே, இசைவு தந்தவரின் உணவுக்குழாயிலோ பெருங்குடலின் கடைப்பகுதியிலோ சிறு பலூனைச் செலுத்தி, மெல்ல விரித்தபடியே மூளையைப் படமெடுப்பர். அப்போது உடலின் அகநிலையை உணரும் இன்சுலா, வலியின் துன்பத்தோடு தொடர்புடைய சிங்குலேட் புறணி ஆகியவற்றில் செயல் மிகுகிறது. குடல் எரிச்சல் நோய் உடையோர் பலருக்கு, மற்றவர் எளிதில் தாங்கும் விரிவே கடும் வலியாகிறது. அவர்தம் மூளையின் எதிர்வினையும் மிகுந்திருப்பதை ஆய்வுகள் பல கண்டன. குடலில் புண் எதுவும் தென்படாததால் 'எல்லாம் மனப்பிரமை' என்று வீட்டாரால் ஒதுக்கப்பட்டோர்க்கு இச்செய்தி எவ்வளவு பெரிது!

எனினும், அப்படம் வலியின் உருவப்படம் அன்று. அச்சத்திலும் கூர்ந்த கவனிப்பிலும்கூட அதே பகுதிகள் செயற்படும். எனவே பலூன் விரியும்போது, 'எவ்வளவு வலிக்கிறது?' என்று ஆய்வாளர் கேட்டே ஆகவேண்டும்.

அக்கேள்விக்கு விடை சொல்ல மொழி வேண்டும். சித்தூரிலும் திருப்பதியிலும் தெலுங்கும் தமிழும் அருகருகே ஒலிக்கின்றன. அங்கே 'நொப்பி', இங்கே 'நோவு', வேர் ஒன்றே. தோலின் வலி 'சுருக்'கென்று குத்தும். விரல்நுனியால் இடத்தைக் காட்டலாம். உள்ளுறுப்பின் வலியோ நெஞ்சை அடைக்கும், வயிற்றைப் பிசையும். இடம் கேட்டால் நோயாளி விரலை நீட்டமாட்டார்; உள்ளங்கை முழுவதையும் மார்பின்மேல் வைப்பார். தேர்ந்த மருத்துவர் அந்தக் கையையும் கவனிக்கிறார்.

பயிற்சி

1. இதயத்தின் வலி கையில் உணரப்படுவது ஏன்?
2. மூளைப்படம் இருந்தும் நோயாளியைக் கேட்பது ஏன் தேவையாகிறது?
3. வலியைக் குறிக்கும் சொற்கள் ஐந்தினை உம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. எவ்வெவ்வலிக்கு எச்சொல் என்பதையும் குறிப்பிடுக.