ஃபார்மட் அடிக்கும் முன்

புராஜெக்ட் ஒப்படைக்கும் மாதம் வந்துவிட்டால் ஆரணி, பெரியபாளையம், கவரைப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரே பேச்சைத்தான் கேட்கிறேன். "சிஸ்டம் ஸ்லோ ஆச்சு, ஃபார்மட் அடிச்சிட்டேன்." "டிரைவைத் திறந்தா ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு, ஓகே கொடுத்துட்டேன்." கூடப் படிக்கிறவன் அடித்தான், நானும் அடித்தேன் என்பவர்கள் பாதி. மீதி, வீட்டு நெருக்கடி. சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வரும் அப்பா, தவணை கட்டிக்கொண்டிருக்கும் லேப்டாப் நின்றுபோனதைப் பார்த்து, "கடையில கொடுத்து ஃபார்மட் போட்டு எடுத்துட்டு வாடா, நாளைக்குள்ள ஓடணும்" என்கிறார். அவர் கவலை நியாயமானது. அவர் சொல்லும் வழிதான் பிள்ளையின் ஆறு மாத உழைப்பைத் துடைத்துவிடுகிறது.

எதற்கு எந்த ஃபார்மட் என்பது பலருக்கும் தெரிந்ததே. காரில் பாட்டுக் கேட்கவும் பழைய டிவியில் போடவும் ஃபேட் 32. அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே கோப்பு ஏறாது. பென் டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தும் சினிமா ஏறவில்லை என்றால் காரணம் இதுதான், பென் டிரைவில் குறையில்லை. விண்டோஸ், மேக், கேமரா என்று எல்லாவற்றிலும் மாற்றி மாற்றிச் செருகுவதற்கு எக்ஸ்ஃபேட் நல்லது. ஆனால் வீட்டில் சேமிப்புக்கென்று வைத்திருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு நான் என்டிஎஃப்எஸ் தவிர வேறெதையும் சொல்லமாட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எங்கே விட்டோம் என்று அதனிடம் ஒரு குறிப்பு இருக்கும். எக்ஸ்ஃபேட்டிடம் அது கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகும் ஊரில் இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. மேக்கில் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது என்பது அதற்குத் தரும் விலை.

இனி, எல்லா நோய்க்கும் மருந்தாக விற்கப்படும் ஃபார்மட்டுக்கு வருகிறேன். புது டிஸ்க்குக்கும், உள்ளே இருப்பதை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்ட டிஸ்க்குக்கும் அது சரி. மற்றபடி அதனால் தீரும் பிரச்சினைகள் மிகக் குறைவு. சிஸ்டம் மெதுவானதற்குப் பெரும்பாலும் காரணம் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும். ஃபார்மட் அடித்தால் சில வாரம் வேகமாகத் தெரியும், பிறகு பழைய கதைதான். டிஸ்க்கின் பரப்பே கெட்டு வருகிறது என்றால் ஃபார்மட் அதைச் சரிசெய்யாது; கெட்ட இடத்தைக் குறித்து ஒதுக்கிவைக்கும், அவ்வளவே. கேடு பக்கத்து இடங்களுக்குப் பரவிக்கொண்டிருக்கும்.

குவிக் ஃபார்மட் என்ற பெயரும் பலரை ஏமாற்றுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் அது பட்டியலைத்தான் அழிக்கிறது, கோப்புகள் அடியில் கிடக்கும். அதற்குமேல் எதையும் எழுதாதவரை மீட்க வழியுண்டு. எஸ்எஸ்டியில் அப்படியில்லை. இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் உடனே தகவல் சொல்லிவிடும். எஸ்எஸ்டி தானாகவே அவற்றைக் காலி செய்துகொள்ளும். பிறகு எந்த மென்பொருளும் உதவாது. இப்போது வாங்கும் லேப்டாப் பெரும்பாலும் எஸ்எஸ்டி என்பதால், அண்ணன் காலத்தில் பலித்தது தம்பிக்குப் பலிக்காது.

இன்னொரு ஆபத்து பிட்லாக்கர். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே பல நேரம் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். சி டிரைவை மட்டும் அழித்து ஓஎஸ் போட்டபின், தொடாத டி டிரைவ் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி அந்தக் கணக்கில் இருக்கும். கணக்கைத் திறந்ததோ லேப்டாப்பை விற்ற கடைக்காரர். எந்த மின்னஞ்சல் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் தொடங்கியது. அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் கிளம்பாத நாளில் லினக்ஸ் வழியே உள்ளே போய்க் கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம். அந்த அருமையான வசதியை வந்த வேகத்தில் அழித்துவிட்டு, கிராக் போட்ட விண்டோஸ் ஏற்றியவர்கள் ஏராளம். எல்லோரும் செய்தார்கள் என்பதைத் தவிர அதற்குக் காரணமே இல்லை.

சரி, என்ன செய்வது? ஃபார்மட் கேட்டால் முதலில் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேபிளை மாற்றுங்கள், டெஸ்க்டாப் என்றால் முன்பக்க யூஎஸ்பியை விட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள். வேறொரு கணினியில் பாருங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இலவசம்; அதில் எச்சரிக்கை தெரிந்தாலோ, டிஸ்க்கிலிருந்து டக்டக் என்று சத்தம் வந்தாலோ விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓடவிடாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மூலைமுடுக்கெல்லாம் படிக்கவைத்துக் கொன்றுவிடும். சத்தம் வந்தால் அணைத்துவிட்டு, டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் கொண்டுபோங்கள். சத்தமில்லாமல் படிக்கத்தான் திணறுகிறது என்றால், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி, டிடிரெஸ்க்யூ கொண்டு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுங்கள். பிறகு நகலின்மேல் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள்கள் இரண்டையும் முயலுங்கள். இரண்டுக்கும் காசு கிடையாது.

ஃபார்மட் என்ற சொல் அடிபடும் இன்னொரு இடமான வீடியோ ஓடாத சிக்கல் இதைவிட எளிது. கோப்பின் பெயரில் எம்கேவி என்பதை எம்பி4 என்று திருத்தினால் எதுவும் மாறாது. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. கணினியில் விஎல்சி போதும். டிவிக்கு வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எச்.264, ஏஏசி என்று மாற்றுங்கள். கல்யாண டிவிடியை மட்டும் மாற்றுவதற்கு முன், உள்ளே இருக்கும் விஓபி கோப்புகளை அப்படியே நகலெடுத்து வையுங்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் தேயும்.

டிஸ்க்கை மீட்கும் இந்த வேலை எல்லோர் கைக்கும் வராது. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறாய், இதுகூடத் தெரியாதா என்று பெற்றோர் கேட்பது பிள்ளையைக் கூசவைத்து அந்த ஓகே பட்டனை அமுக்கவைக்கிறது. தெரியாது என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. அக்கவுன்ட்ஸ் படிக்கும் அவன் தங்கைக்கே இதில் கை பழகியிருக்கலாம். எனக்குத் தெரிந்து டிஸ்க் மீட்பில் தேறியவர்கள் மதிப்பெண்ணால் தேறவில்லை, நகலெடுத்து முடிய இரவெல்லாம் ஆனாலும் கை வைக்காமல் காத்திருந்து தேறினார்கள். அப்படிக் காத்திருக்கும் பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள், அவனுக்குத் தொழில் படிந்துகொண்டிருக்கிறது.

கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், "என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எந்தக் கோப்பு வேண்டும், அது டெஸ்க்டாப்பிலா, டி டிரைவிலா என்பதையும் தாளில் எழுதிக் கொடுங்கள். டெஸ்க்டாப்பில் இருப்பதெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது பலருக்கு அழிந்த பிறகே தெரிகிறது.