ஐப்பசி மழைக்கு முன்: பழைய 5 சீரிஸ் கார் உரிமையாளர்கள் இப்போது செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பர் வரை நீடிப்பதால், சென்னையிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் பழைய சொகுசு செடான் வைத்திருப்போர் அதைச் சீர்செய்துகொள்ள ஏற்ற காலம் புரட்டாசியே ஆகும். செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் ஆலையில் பூட்டப்பட்டு, இன்று இரண்டாம் கை, மூன்றாம் கையாக விற்கப்படும் பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் கார்களில், 2010இல் அறிமுகமான எஃப்10 தலைமுறையின் 520டி டீசல் வகையை இக்குறிப்பு எடுத்துக்கொள்கிறது. இக்காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரிந்தாலும் உதிரிபாகங்களின் விலை அதனுடன் சேர்ந்து சரிவதில்லை. பழுதான பாகத்தை எட்டுவதற்குக் கழற்ற வேண்டியவை மிகுதியாதலால் கூலியும் ஏறுகிறது. ஆகவே, சிறு வேலையை மழைக்கு முன் முடிப்பதே பெருஞ்செலவைத் தவிர்க்கும் வழியாகும்.

வடிகால் குழாய்கள்

சன்ரூஃப் உள்ள கார்களில், அதன் விளிம்பில் சேரும் நீர் நான்கு மூலைகளிலிருந்தும் மெல்லிய குழாய்கள் வழியே கீழிறங்கி வெளியேறுகிறது. மரத்தடியில் நிறுத்தப்படும் காரில் இலைத்தூளும் தூசியும் இக்குழாய்களை அடைத்துவிட்டால், நீர் மேல் விரிப்பிலும் தரை விரிப்பிலும் டிக்கியிலும் இறங்கும். இக்காரின் பேட்டரி டிக்கியில் இருப்பதாலும், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் கம்பி இணைப்புகளும் உட்புறத்தில் தாழ்வான இடங்களில் இருப்பதாலும், அங்கே தேங்கும் நீர் லட்சக் கணக்கில் செலவு வைக்கக்கூடும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு தம்ளர் நீரை மெதுவாக ஊற்றி, அது காரின் அடியில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அடைப்பிருந்தால் மெல்லிய நைலான் இழையால் நீக்கலாம். அழுத்தக் காற்றைச் செலுத்தினால் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. முன் கண்ணாடியின் அடியில் சேர்ந்த சருகையும் அள்ளிவிட வேண்டும்.

டைமிங் செயினும் கூலன்டும்

கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுக்குக் கடத்தும் சங்கிலியே டைமிங் செயின் ஆகும். தொடக்ககால 520டியில் உள்ள என்47 எஞ்சினில் இச்சங்கிலி கியர்பாக்ஸ் பக்கமாகப் பின்புறத்தில் அமைந்திருப்பதால், அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க நேர்கிறது; செலவு லட்சம் ரூபாயைத் தாண்டுவதற்குக் காரணம் சங்கிலியின் விலையைவிட இக்கூலியே ஆகும். குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது பின்புறத்திலிருந்து உரசும் ஓசை கேட்டால் ஓட்டுவதை நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும். சங்கிலி அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே பாழாகும்.

புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்கு அனுப்பும் இஜிஆர் கூலரில் கூலன்ட் கசிந்து, படிந்த கரியுடன் சேர்ந்து தீப்பற்றக்கூடும் என்பதால், 2018இல் தென்கொரியத் தீ நிகழ்வுகளுக்குப் பின் பிஎம்டபிள்யூ உலகளவில் சுமார் 16 லட்சம் டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. கூலன்ட் மட்டம் அடிக்கடி குறைகிறதா என்று கவனிப்பதோடு, 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைக்கும் பணி நிலுவையில் உள்ளதா என்று அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் கேட்டறிய வேண்டும்.

டயர்

சட்டப்படி டயர்ப் பள்ளத்தின் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. என்றாலும், நீர் தேங்கிய சாலையில் வழுக்காமல் செல்ல 3 மி.மீ.க்குக் குறையும்போதே டயரை மாற்றுவது நல்லது. காற்று இறங்கிய பின்னும் சுமார் 80 கி.மீ. ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர்களை நம்பி ஸ்டெப்னி இல்லாமல் வந்த கார்களில், முந்தைய உரிமையாளர் சாதாரண டயர்களைப் பொருத்தியிருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

காப்பீடு

முழுமைக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்றாலும், நீர் புகுந்த எஞ்சினை இயக்கியதால் விளையும் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவு தேவை. மேலும், தேய்மானக் கழிவாக ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் 50 விழுக்காடும், 5 முதல் 10 ஆண்டுக் காரின் உலோகப் பாகங்களுக்கு 40 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 50 விழுக்காடும் கழிக்கப்படுவதால், அத்தொகை உரிமையாளரின் பொறுப்பாகிறது. கூடுதல் பிரிவுகளுக்கு நிறுவனங்கள் வயது வரம்பு வைப்பதுண்டு. எனவே தங்கள் காருக்கு அவை கிடைக்குமா என்பதை மழைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளம் சூழ்ந்தால்

இவ்வகைக் கார்களின் கையேடு 25 செ.மீ. ஆழத்துக்கு மேற்பட்ட நீரில் செல்வதைத் தடுக்கிறது. அந்த ஆழத்திலும் நடைவேகமே ஏற்றது. நீர் அமுங்காத பொருளாதலால், எஞ்சினுக்குள் புகுந்த நீரைப் பிஸ்டன் அழுத்த முயலும்போது கனெக்டிங் ராடு வளைகிறது. ஆகவே நீரில் நின்றுபோன காரை எக்காரணத்தாலும் மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கச் செய்து, நீர்மட்டம் தெரியப் படமெடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, சக்கரங்கள் தரையில் படாதவாறு தட்டு வண்டியில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்ப வேண்டும்.