குழந்தைத் துணியும் ஊர்த் தண்ணீரும்

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது

கிராம சபைக் கூட்டத்தில் குடிநீரைப் பற்றிப் பேச்செழுந்தால் ஊரே திரண்டு பேசும். துவைக்கும் நீரைப் பற்றிப் பேசுவோர் அரியர். சில ஆண்டுகளுக்கு முன்னர், பாலாற்றங்கரையை அடுத்த ஓர் ஊரில் நடந்த கூட்டத்தில், இடுப்பில் கைக்குழந்தையுடன் நின்றிருந்த தாய் ஒருத்தி எழுந்தார். "குடிக்கிற தண்ணிக்கு வழி பண்ணிட்டீங்க ஐயா. இந்தப் பிள்ளைத் துணியைத் துவைக்க எந்தத் தண்ணியும் ஒத்து வரல. சோப்புக் கட்டிதான் கரையுது, நுரை வரமாட்டேங்குது" என்றார். கூட்டத்தில் சிலர் நகைத்தனர். நானும் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளாமல் அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அப்பிழைக்கு ஈடாகவே ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

பச்சிளங் குழந்தையின் மலம் தீங்கற்றதா?

"பால் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் என்ன தீங்கு இருக்கிறது?" என்று பெரியோர் கூறுவதுண்டு. ஆகவேதான் அதனைக் குப்பைமேட்டில் எறிவதும், தெருச் சாக்கடையில் அலசிவிடுவதும், துணியைப் பொதுக் குழாயடியில் கசக்குவதும் தவறாகத் தோன்றுவதில்லை. இக்கருத்து உண்மைக்கு மாறானது. வயிற்றுப்போக்கை விளைவிக்கும் கிருமிகள் பெரியோரைவிடச் சிறுகுழந்தைகளையே மிகுதியாகப் பற்றுகின்றன. எனவே, அவர்களுடைய மலத்தில் அக்கிருமிகள் மலிந்திருப்பது இயல்பே.

இதற்குச் சான்று நமது வேலூரிலேயே கிடைத்துள்ளது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நகரின் எளிய மக்கள் வாழும் பகுதிகளில் 452 குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் 373 குழந்தைகளை மூன்றாண்டுகள் வரை பின்தொடர முடிந்தது. 2011-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, ஆறு மாதம் நிறைவதற்குள் நூற்றுக்கு 56 குழந்தைகளை ரோட்டா வைரஸ் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி பற்றியிருந்தது. ஒரு முறை பற்றிய குழந்தையை அது மீண்டும் மீண்டும் பற்றுவதும் கண்டறியப்பட்டது.

ஆறு மாதக் குழந்தை தெருவில் நடப்பதில்லை, கடைப்பண்டம் உண்பதில்லை. பெரும்பாலும் தாயின் மடியிலும் தூளியிலுமே கிடக்கிறது. கிருமி அதனிடம் வந்து சேருவதற்குக் கைகளும், பாத்திரமும், துணியும், தரையுமே வழிகளாக இருத்தல் கூடும். துணி ஒன்றே காரணம் என்று அவ்வாய்வு கூறவில்லை. ஆயினும், நாள்தோறும் மலம் படுவதும், நாள்தோறும் தாயின் கைகள் தொடுவதும், மீண்டும் குழந்தையின் உடலிலேயே கட்டப்படுவதும் அத்துணிதான் அன்றோ? ஆகவே, அதனைத் தூய்மை செய்வது குடும்ப நலத்தின் முதற்படி எனலாம்.

தாய் மீது பழி. தண்ணீர் மீதே குற்றம்

துணி வெளுக்கவில்லையாயின், "மருமகள் சோம்பேறி" என்று வீட்டார் கூறிவிடுகின்றனர். நமது வட்டாரத்தில் அப்பழியைச் சுமத்துவதற்கு முன் தண்ணீரைச் சோதித்தல் வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் புகழ் பெற்றவை. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுபவை. ஆனால், தோல் கெடாதிருக்க இடும் உப்பும், மயிர் நீக்க இடும் சுண்ணாம்பும், பதனிட இடும் குரோமிய உப்பும் கலந்த கழிவுநீர் பல்லாண்டுகளாகப் பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கியது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை அளித்தது. மாசுபடுத்துவோரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். 2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாளும் பாலாற்று மாசு குறித்து அதே நீதிமன்றம் மீண்டும் கட்டளையிட நேர்ந்தது. நிலத்தடியில் ஒரு முறை இறங்கிய உப்பு எளிதில் அகல்வதில்லை என்பதையே இது காட்டுகிறது.

இத்தகைய நீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியச் சத்தும் மிகுந்திருக்கும். அந்நீரைக் கடினநீர் என்பர். சவர்க்காரத்தை அதில் இட்டால், அது முதலில் அச்சத்துகளுடன் சேர்ந்து வெண்ணிறப் பிசுக்காகத் திரிந்துவிடும். அச்சத்துகள் யாவும் தீர்ந்த பின்னரே நுரை எழும். அதன் பின்னரே அழுக்கு நீங்கும்.

இதனால் விளையும் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி, நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடையாதபோது 600 வரை பொறுக்கலாம். அந்த 600 அளவுள்ள நீரில் 20 லிட்டர் வாளி ஒன்றுக்கு, நுரை எழுவதற்கு முன்னரே ஏறத்தாழ 70 கிராம் சவர்க்காரம் வீணாகிறது. ஆகவே, குடிக்கலாம் என்று பொறுக்கப்பட்ட நீர்கூட ஒரே வாளியில் ஒரு கட்டியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எளிய குடும்பம் இதனைத் தாங்குமா? தாங்காமையால் சவர்க்காரத்தைக் குறைக்கின்றனர். மலப்பிசுக்கு துணியிலேயே தங்குகிறது. துணி விறைத்துக் குழந்தையின் தொடையிடுக்கை உராய்கிறது. தோல் சிவந்து புண்ணாகிறது.

நீரைச் சோதித்தலும் மென்மையாக்குதலும்

ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு நீர் எடுத்து, சீவிய சவர்க்காரம் சிறிது இட்டு நன்கு குலுக்குக. நுரை பொங்கி நிலைத்தால் மென்னீர். தயிர்போல் திரிந்து மிதந்தால் கடினநீர். ஊரிலுள்ள குழாய், கிணறு, ஆழ்துளைக் கிணறு ஒவ்வொன்றிலும் இவ்வாறு பார்த்து, துவைக்க ஏற்ற நீர் எது என்று தெரிந்துகொள்ளலாம்.

கடினநீர் மட்டுமே கிடைக்குமாயின் துணிச் சோடா உதவும். மளிகைக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருள் இது. சமையற் சோடா வேறு, இது வேறு. மேற்கூறிய 600 அளவுக் கடினநீர் 20 லிட்டருக்கு, உலர்ந்த சோடாத் தூள் ஒரு மேசைக்கரண்டி போதுமானது. படிகமாக இருப்பின் ஏறத்தாழ மூன்று பங்கு வேண்டும். கலக்கி அரை மணி நேரம் தெளியவிட்டால் வெண்பொடி அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை இறுத்துக்கொள்ளலாம். இந்நீர் துவைக்க மட்டுமே உரியது. உப்பு அதிலிருந்து நீங்காமையால் குடிக்கலாகாது. சோடா கைத்தோலை அரிக்குமாதலால் அளவு மிஞ்சலாகாது.

மழைநீர் இயற்கையிலேயே மென்னீர். கூரைநீரைத் தொட்டியில் சேர்ப்போர், ஐப்பசி கார்த்திகையில் அதனைக் குழந்தைத் துணிக்கென்று ஒதுக்கலாம்.

துவைக்கும் முறை

முதலாவதாக, துணியிலுள்ள மலத்தைக் கழிப்பறையிலேயே இட்டு நீரூற்ற வேண்டும். குழந்தையின் மலத்திற்கு உரிய இடமும் அதுவே.

இரண்டாவதாக, துணியைத் தனி வாளியில் குளிர்ந்த நீரால் அலசி, அவ்வழுக்கு நீரையும் கழிப்பறையிலேயே கொட்டுக. முதலிலேயே கொதிநீர் ஊற்றினால் கறை துணியில் ஒட்டிக்கொள்ளும். அவ்வாளியைச் சமையலுக்கோ குளிப்பதற்கோ பயன்படுத்தலாகாது.

மூன்றாவதாக, அன்றைய துணியை அன்றே துவைக்க வேண்டும். மூடியில்லாத வாளியில் நாட்கணக்கில் ஊறப்போட்டால் ஈ மொய்க்கும், கிருமி பெருகும்.

நான்காவதாக, மென்னீரில் சவர்க்காரமிட்டுக் கசக்கி, மென்னீரிலேயே இரு முறை அலசுக. துவைத்தது மென்னீரிலும் அலசுவது கடினநீரிலும் ஆயின், துணியில் எஞ்சிய சவர்க்காரம் மீண்டும் பிசுக்காகிவிடும். சலவைத் தூள் கடினநீரிலும் ஓரளவு வேலை செய்யும்; ஆனால் நன்கு அலசாவிடில் குழந்தையின் தோலுக்கு ஆகாது.

ஐந்தாவதாக, வேலியிலும் தரையிலும் விரிக்காமல், கொடியில் இட்டு வெயிலில் முழுதும் உலர்த்துக. சூரிய ஒளியும் உலர்ச்சியும் செலவில்லாக் கிருமிநாசினிகள். மழைக்காலத்தில் ஈரத்துணியைக் கட்ட நேராதிருக்க, பழைய பருத்தி வேட்டி சேலைகளிலிருந்து இருபது துண்டுகளேனும் சேர்த்து வைத்தல் நன்று.

இறுதியாக, வாளியையும் கல்லையும் கழுவிய பின், இரு கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவுக. இதனைத் தவறவிட்டால் மற்றவை யாவும் பயனற்றுப் போகும்.

வயிற்றுப்போக்குக் காலத்தில்

நமது சலவைத் தொழிலாளர் வெள்ளாவி வைத்து, ஆவியில் துணியை வேகவைத்தனர். அழுக்கோடு கிருமியும் அழியும் சிறந்த முறை அது. குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால், துவைத்த துணியைப் பத்து நிமிடமேனும் கொதிநீரில் வேகவிட வேண்டும்.

விறகுக்கு வசதியில்லாதோர், ஊராட்சி குடிநீர்த் தொட்டிக்கு இடும் பிளீச்சிங் பவுடரையே பயன்படுத்தலாம். 10 லிட்டர் நீருக்குப் புதிய பவுடர் 15 கிராம், அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டி, கலந்து தெளியவைத்து, துவைத்த துணியை அதில் அரை மணி நேரம் ஊறவிட்டுப் பின் நன்கு அலசுக. பிளாஸ்டிக் வாளியே ஏற்றது. கழிப்பறை அமிலத்துடன் இதனை ஒருபோதும் கலக்கலாகாது. நச்சுக் காற்று எழும்.

குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாமல், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்திற்கும் துத்தநாக மாத்திரைக்கும் சுகாதார நிலையத்தை நாடுக. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 6, 10, 14-ஆம் வாரங்களில் இலவசமாக வழங்கப்படுகிறது. அதனைத் தவற விடலாகாது.

விவசாயிகளுக்கு ஒரு சொல்

சவர்க்கார நீரைத் தோட்டத்திற்குப் பாய்ச்சும் வழக்கம் உண்டு. மலத்துணி அலசிய நீர் கீரை, கொத்தமல்லிப் பாத்திகளுக்கு ஆகாது. சோடா கலந்த நீர் ஏற்கெனவே உவர்ப்பேறிய நிலத்தை மேலும் கெடுக்கும். கழிப்பறையில் கொட்டிய முதல் அலசல் நீர் நீங்கலாக, மற்றதை உறிஞ்சு குழியில் விடுவதே தக்கது.

யார் துவைப்பது?

ஆம்பூர்ப் பக்கத்தில் காலையில் ஷூ கம்பெனிக்குச் செல்லும் பெண்கள் பலர். குழந்தைத் துணி பாட்டியின் கைக்கோ, பள்ளி செல்ல வேண்டிய மூத்த மகளின் கைக்கோ வருகிறது. தகப்பனார் ஒரு வாளி நீர் சுமந்து வருவதும் ஒரு துணியைக் கசக்குவதும் இழுக்கல்ல. முற்காலத்தில் பிள்ளைப்பேற்றுத் துணிகளை ஒரு குலத்தாரின் தலையில் சுமத்தி, படிநெல் கொடுத்து, தீட்டு என்று ஒதுக்கியும் வைத்தோம். நமது அழுக்கைக் களைந்தவர்க்கு நாம் செய்த கைம்மாறு அது. அம்முறை மீண்டும் தலைகாட்டலாகாது.

2017-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் இருத்தல் வேண்டும் என்றும், தாய் நாள்தோறும் நான்கு முறை சென்று பார்க்கலாம் என்றும் விதித்தது. காப்பகம் இருந்தால் மட்டும் போதாது. அங்கே துணி அலசவும் கை கழுவவும் நல்ல நீர் உண்டா என்று கேட்டறிவது ஊர்ப் பெரியோர் கடமை.

ஒருமுறை கட்டி எறியும் அணையாடைகள் இன்று ஏரிக்கரையிலும் ஆற்று மணலிலும் குவிகின்றன. துவைக்க நீரில்லாத தாய் அதனை நாடுவதில் வியப்பென்ன? எறியாதே என்று அறிவிப்புப் பலகை வைப்பதற்கு முன், துவைக்க வழி செய்தோமா என்று எண்ணிப் பார்ப்போம்.

ஊராட்சி செய்ய வேண்டுவன

ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். கைக்குழந்தையுள்ள வீட்டில் துணிக்கு மட்டுமே மூன்று நான்கு வாளி செலவாகும். ஆகவே, துவைக்கும் நீரையும் திட்டத்தில் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஊரிலுள்ள நீர்நிலைகளைச் சோதித்து, மென்னீர் கிடைக்கும் இடத்தில் துவைக்கும் மேடை, வெயில் படும் கொடி, உறிஞ்சு குழி, அருகே கழிப்பறை ஆகியவற்றை அமைக்கலாம். அம்மேடை குடிநீர்க் கிணற்றுக்கும் கைப்பம்புக்கும் தொலைவில் இருத்தல் வேண்டும். இடத்தையும் நேரத்தையும் பெண்களைக் கேட்டே முடிவு செய்க.

அன்று கூட்டத்தில் எழுந்து பேசிய அத்தாய் சலுகை எதையும் கேட்கவில்லை. தம் குழந்தையின் துணியைத் தூய்மை செய்ய ஒரு வாளி நல்ல நீர் கேட்டார். அடுத்த கிராம சபையில் அத்தகைய தாய் ஒருத்தி எழுந்தால் எவரும் நகைக்க வேண்டாம். அவர் சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நமது ஊரில் சவர்க்காரம் நன்கு நுரைக்கும் நீர் எங்கே கிடைக்கிறது?

2. சிறுகுழந்தைகளின் மலம் இப்போது எங்கே கொட்டப்படுகிறது?

3. பொதுக் குழாயடியில் துணி அலசுவோர்க்கு மாற்றிடம் உண்டா?

4. கைக்குழந்தையுள்ள வீடுகளுக்கு ஒரு வாளி மென்னீர் மிகுதியாக அளிக்க ஊராட்சி என்ன செய்யலாம்?