ஆமீன் சொல்லிப் பழகிய வாய்

ரொம்ப வருஷம் என் துஆ என்பது ‘ஆமீன்’ என்ற ஒரே சொல்தான். ஹஜ்ரத் கேட்பார், திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள் ஆமீன் சொல்வோம். அவர் அரபியில் என்ன கேட்டார் என்பது பாதிக்கு மேல் புரியாது. முதன்முதலாக ஒரு அரஃபா நாளில், துல்ஹஜ் பிறை 9 அன்று, நோன்போடு அஸர் தொழுதுவிட்டுத் தனியாகக் கையேந்தினேன். உடம்பு நல்லா இருக்கணும், பிள்ளைகள் படிக்கணும், கடன் அடையணும். அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்தால் நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

அங்கே அரஃபாத் மைதானத்தில் நிலைமை வேறு. ஹிஜ்ரி 10இல், தம் ஹஜ்ஜின்போது, நபியவர்கள் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, சூரியன் மறையும்வரை ஒட்டகத்தின் மேலேயே துஆவில் இருந்தார்கள். ஒட்டகம் அசைந்து கடிவாளம் நழுவியபோது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஏந்தியபடியே வைத்திருந்தார்கள் என்று, பின்னால் அமர்ந்திருந்த உஸாமா சொல்கிறார். அந்த ஒற்றைக் கை என் மனசை விட்டுப் போகவில்லை.

நமக்குக் கடிவாளம் அடுப்படியில் இருக்கிறது. மறுநாள் பெருநாள். வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப் பால் பிழியணும், மசாலா அரைக்கணும், கொல்லையில் கட்டியிருக்கிற கிடாவுக்குத் தழை போடணும். ஆகவே இஞ்சி பூண்டு விழுதெல்லாம் அரஃபாவுக்கு முந்தைய இரவே ஃப்ரிட்ஜுக்குள் போய்விடும். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வடை கேட்டு முணுமுணுத்தார்கள், பழகிவிட்டார்கள். போன் அலமாரிக்குள். எந்த நாள் அரஃபா என்று வருஷா வருஷம் வாட்ஸாப்பில் நடக்கிற சண்டையும் அதோடு உள்ளே போய்விடும். நான் ஊர் ஜமாஅத் அறிவிப்பின்படி நோன்பு வைக்கிறவள்.

பிறை 1இலிருந்தே ஒரு பழைய டைரியில் குறித்து வைப்பேன். கவலை பாத்திரம் தேய்க்கும்போதுதான் வரும், முஸல்லாவில் உட்கார்ந்தால் வராது. அரபி துஆக்கள் நாலைந்து தெரியும், அவற்றையும் ஓதுவேன். மற்றதெல்லாம் தமிழில்தான், அதுவும் வீட்டுத் தமிழில். “அவன்கிட்ட பேசுறதுக்கு என்ன வெட்கம்?” என்று மாமி ஒருமுறை கேட்டது நல்லதாகப் போயிற்று.

புகழாமல், ஸலவாத்தும் சொல்லாமல் நேரே கேட்கத் தொடங்கிய ஒருவரைப் பற்றி, இவர் அவசரப்பட்டுவிட்டார் என்று நபியவர்கள் சொன்ன ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. என் நாலு நிமிஷமும் அந்த அவசரம்தான். இப்போது முதல் கால் மணி நேரம் எதுவும் கேட்பதில்லை. மொத்தமாக ஒரு அல்ஹம்துலில்லாஹ்வோடு முடிக்காமல், போன வருஷ ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தது, மகனுக்குக் காய்ச்சல் இறங்கிய அந்த விடிகாலை என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

எப்படியும் ஒரு கட்டத்தில் டைரி தீர்ந்துவிடும். கால் மரத்துப்போகும், கிடா வேறு கத்தும். அப்போது எழுந்துவிடக் கூடாது. காலை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், சும்மாகூட இருக்கலாம். எழுதத் துணியாதது அதற்கப்புறம்தான் வரும். தொழுகை இல்லாத நாளாக அமைந்தால் நோன்பும் கிடையாது. துஆவுக்கு மட்டும் தடையில்லை. ஒரு வருஷம் அப்படித்தான் மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்டேன்.

அன்றைக்கு வந்தது ஒரு பெயர். சீட்டுப் பணம் ஐம்பதாயிரத்தைத் தராமல் இழுத்தடிக்கிற உறவுக்காரி. எதிரில் இல்லாத ஒருவருக்காகத் துஆச் செய்தால் ‘உனக்கும் அப்படியே’ என்று மலக்கு சொல்வதாக முஸ்லிம் நூலில் ஹதீஸ் உண்டு. எனக்கும் கிடைக்குமே என்ற கணக்கில்தான் தொடங்கினேன். பிள்ளைகளுக்குக் கேட்டதையெல்லாம் கேட்டு முடித்து, ‘அவளுக்கும்’ என்றேன். தொண்டை அடைத்தது.

மூன்று வருஷம் ஆகிறது. அந்த ஒரு சொல்லுக்கு மேல் இன்னும் வரவில்லை. பணமும் வரவில்லை. இந்த வருஷ டைரியில் அவள் பெயரை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன், பென்சிலால்.