அடிபட்ட ஆமையைக் கையில் எடுக்கப் போகிறவர்களுக்கு

தம்பிகளே, தங்கச்சிகளே, கிருஷ்ணகிரி–திண்டிவனம் நெடுஞ்சாலை நம் செஞ்சிக் கோட்டைக்கு ஊடாகவே போகிறது. இருபுறமும் ஏரி, குளம், வயல், புதர்க்காடு. மழைக்காலத்தில் ஆமைகள் சாலையைக் கடக்கத்தான் செய்யும், லாரிகளும் நிற்கப்போவதில்லை. பாம்பு என்றால் பத்துப் பேருக்குப் போன் போடத் தெரிந்த ஊரில், ஆமை அடிபட்டுக் கிடந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. செத்துவிட்டது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். ஆமையின் உடல் மெதுவாக இயங்குவது. மூச்சுக் குறைந்தாலும் வெகுநேரம் தாங்கும். ஓடு பிளந்து, தலை தொங்கி, அசைவில்லாமல் கிடந்த ஆமை சில மணி நேரம் கழித்துக் காலை இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். உயிர் போய்விட்டதாகவே தோன்றினாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முட்டையிட இடம் தேடிப் போன பெண் ஆமையாக இருந்தால், தாய் போன பிறகும் முட்டைகளைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

2. முதலில் வண்டி வருகிறதா என்று பாருங்கள். காயமில்லாத ஆமை என்றால் அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கொண்டுபோய் விடுங்கள். வந்த பக்கம் விட்டால் மறுபடி சாலையில் ஏறும்.

3. ஏரிகளில் இருக்கும் பாலாமைக்குக் கழுத்து நீளம், கடியும் பலம். ஓட்டின் நடுப்பக்கத்தைப் பிடித்தால் கழுத்தை வளைத்து எட்டிக் கடித்துவிடும். துணி போட்டு, பின்னங்கால் ஓரமாக இரண்டு கையாலும் பிடியுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. எடுத்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

4. தண்ணீரில் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஆமை என்றதும் பக்கெட் நிறையத் தண்ணீர் பிடிப்பவர்கள்தான் அதிகம். ஆமையின் நுரையீரல் முதுகோட்டுக்கு நேர் அடியில் இருக்கிறது. ஓடு பிளந்திருந்தால் அந்த வழியே தண்ணீர் உள்ளே போகும். சோர்ந்த ஆமையால் தலையைத் தூக்கவும் முடியாது, மூழ்கிச் சாகும். நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது. அதைப் புண்ணியம் என்று கோயில் குளத்தில் விடுவது கொலைக்குச் சமம். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துணி, நிழலான அமைதியான இடம், இவ்வளவு போதும். பாலாமைக்கு மட்டும் தோல் காயாமலிருக்க, காயத்தில் படாமல் ஈரத்துணி போர்த்துங்கள். தீனியும் பாலும் வேண்டாம்.

5. ஓடு என்பது வெறும் மூடி இல்லை. விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து விரிந்த எலும்பு அது. ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது, வலிக்கிறது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், கிரீஸ் எதையும் அப்பாதீர்கள். ஃபெவிக்விக், எம்-சீல் போட்டு ஒட்டவே ஒட்டாதீர்கள், அழுக்கும் கிருமியும் உள்ளேயே அடைபட்டுச் சீழ் பிடிக்கும். வெளிநாட்டு மருத்துவர்களும் ஒரு காலத்தில் ஃபைபர் கிளாஸ் வைத்து மூடிப் பார்த்து, இதே காரணத்தால் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். 2019இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு மீட்பு மையம் பழைய உள்ளாடைகளின் கொக்கிகளை அனுப்பும்படி மக்களிடம் கேட்டது. பிளவின் இரு பக்கமும் கொக்கியை ஒட்டி, கம்பியால் இழுத்துக் கட்டினால் ஓடு சேரும், காயமும் திறந்திருந்து ஆறும். அது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் செய்யக் கூடியது, மண் ஒட்டியிருந்தால் சலைனால் மெல்லக் கழுவி, சுத்தமான காஸ் துணியால் மூடுவது. ஈ மொய்க்க விடாதீர்கள். ஒரே நாளில் புழு வைத்துவிடும், அதுவே ஆமையைக் கொன்றுவிடலாம்.

6. வாயில் தூண்டில் முள் இருந்தால் இழுக்கக் கூடாது. தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, ஒரு முழம் வெளியே விட்டு அறுத்துவிடுங்கள். முள் எங்கே போயிருக்கிறது என்று மருத்துவர் கண்டுபிடிக்க அது உதவும்.

7. கோடையில் ஏரி வற்றினால் பாலாமை சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். அந்த நேரத்தில்தான் தூர்வார ஜேசிபி இறங்குகிறது. வேலை தொடங்கும் முன்பே ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், கொட்டிய மண்ணையும் பாருங்கள். சொன்னால் பெரும்பாலும் வண்டியை நிறுத்துவார்கள்.

8. ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று கல்லைத் தூக்குபவரிடம் சண்டை போடாதீர்கள், ஆமையை வாங்கிக்கொண்டு நகருங்கள். அதேபோல் அதிர்ஷ்டம் என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கேட்பவருக்கும் கொடுக்காதீர்கள். பாலாமையும் நட்சத்திர ஆமையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. காட்டுயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம். எடுத்த உடனே வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்லும் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் புதுச்சேரி குரும்பாபேட்டிலும் சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

9. எடுத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘செஞ்சி ரோட்டில்’ என்று எழுதினால் பயனில்லை. எந்த ஏரி, எந்த மதகு, எந்த மைல்கல், எந்தப் பக்கம் என்று எழுதி, போனில் படமும் எடுத்துப் பெட்டியின் மேலேயே ஒட்டுங்கள். ஓடு ஒன்றுசேர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் எடுத்தவருக்கே இடம் மறந்துபோகும். தெரியாத இடத்தில் விட்ட ஆமை பழைய இடம் தேடி அலைந்து மறுபடி சாலைக்கு வரும். குணமானதும் வனத்துறை கேட்கும் முதல் கேள்வி, இதை எங்கே எடுத்தீர்கள் என்பதுதான்.