துணைக்கு வந்தவரையும் கூப்பிடு

அன்பு மகள் கயல்விழிக்கு,

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னார். ரொம்ப சந்தோஷம். புறநோயாளிக் கூட்டத்தில் மூச்சுவிட நேரமிருக்காது, தெரியும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

காய்ச்சல் என்று வருபவரை நீ எப்படியும் பார்த்துவிடுவாய். அவருக்குத் துணையாக வந்து, "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று சுவரோரம் நிற்கும் நாற்பது வயதுக்காரரை விட்டுவிடாதே. சர்க்கரை நோய் வலிக்காமல் வருவது. தாகம், ஆறாத புண் என்று அவராகவே வரும்போது ஆண்டுகள் பல ஓடியிருக்கும். கண்ணும் சிறுநீரகமும் கெட்டிருக்கலாம்.

தொடங்குவதற்கு ரத்தம்கூட வேண்டாம், ஒரு டேப் போதும். சென்னையில் டாக்டர் மோகனின் குழு 2005-இல் வெளியிட்ட நீரிழிவு இடர் மதிப்பெண்ணைக் கையோடு வைத்துக்கொள். வயது 35 முதல் 49 வரை என்றால் 20, ஐம்பதிலிருந்து 30. உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்த வேலை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. இடுப்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தொட்டாலே மதிப்பெண் ஏறும். கூட்டி 60 வந்தால் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். உட்கார்ந்தே தைக்கும் 38 வயதுத் தையல்காரர், அம்மாவுக்குச் சர்க்கரை, நடைப்பயிற்சி கிடையாது என்று வை. வயிறே இல்லாமல் 60 வந்துவிடும். அதனால் ஒல்லியானவரைக் கண்ணால் எடைபோட்டு அனுப்பிவிடாதே.

விரல்நுனியில் ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டு "சுகர் வந்துடுச்சு" என்று சொல்லிவிடாதே. வெறும் வயிற்றில் சிரை ரத்தம் எடு. சர்க்கரை அளவு 126 அல்லது அதற்கு மேல் இருந்து, அறிகுறி எதுவும் இல்லையென்றால் இன்னொரு நாள் திரும்பவும் பார். ரத்தசோகை உள்ள பெண்களிடம் மூன்று மாத சர்க்கரைச் சராசரிப் பரிசோதனையை மட்டும் நம்பாதே, அது ஏமாற்றும்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சர்க்கரை வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களைத் தேடிப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது சாவு குறையவில்லை என்று 2012-இல் எழுதினார்கள். அதைக் காட்டி இதெல்லாம் வீண் என்று உன்னிடம் வாதிடுவார்கள். வீண் இல்லை மகளே, கண்டுபிடித்ததோடு நின்றால்தான் வீண். டாக்டர் ராமச்சந்திரனின் இந்திய ஆய்வு 2006-இல் வந்தது. சர்க்கரையின் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரில், வெறும் பொது அறிவுரை பெற்றவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவும் மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம். ஊசி மருந்தில்லாமல் கிடைத்த வித்தியாசம் இது.

ஆகவே எல்லைக்கோட்டில் இருப்பவரிடம் சோற்றின் அளவு, தினசரி நடை, அடுத்து வரவேண்டிய தேதி என எல்லாவற்றையும் உட்கார வைத்துப் பேசு. பயமுறுத்தாதே, பயந்தவர் திரும்பி வரமாட்டார். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார். வராதவர் பெயரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களிடம் கொடு. அவர்கள் பகலில் வீடுகளுக்குப் போகும்போது ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஒரு முகாம் வைக்க உன் மேலதிகாரியிடம் கேள். நாளைக்கே ஒரு நோட்டு வாங்கி முதல் பெயரை எழுது.

அன்புடன்,
பெரியப்பா